கன்னத்தில் விழுந்த நிறம்

“அந்த ரோஸ் கலரு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது பாய். சுத்தமா எடுத்துருங்க.”

மம்சாபுரத்து விவசாயி வேலுசாமி, கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளத்தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திரையில் அவர்களுடைய ஒரே மகன் கௌதம்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தவன். வருகிற வெள்ளிக்கிழமை முதலாம் ஆண்டு நினைவு நாள். அதற்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரஃபீக்கிடம் வந்திருந்தார்கள்.

செல்போனில் எடுத்த படம். பையனை ஒட்டி இன்னொரு ஆள் நின்றிருக்கிறது. அந்த ஆளை வெட்டியாயிற்று. ஆனால் அதன் துப்பட்டா மட்டும் அவன் தோளில் கிடந்தது. பளீர் ரோஸ், ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி. வெயில் அதில் பட்டு, பையனின் கன்னத்திலும் தாடையிலும்கூட ரோஸ் அடித்திருந்தது.

“வேற போட்டோ இல்லையா அண்ணாச்சி?” என்றான் ரஃபீக்.

“ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்தா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. சிரிச்ச மாதிரி இது ஒண்ணுதான்.”

யார் பக்கத்தில் நின்றதால் அந்தச் சிரிப்பு என்று ரஃபீக்குக்குத் தெரியும். நாகஜோதி. ராஜபாளையத்துப் பெண். கிருஷ்ணன்கோவில் காலேஜில் கூடப் படித்தவள், வேறு சாதி. விஷயம் தெரிந்ததும் வேலுசாமி வீட்டில் குதித்த குதியும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேலையை ஆரம்பித்தான். தோளில் கிடந்த துப்பட்டா லேசாகப் போய்விட்டது. கன்னம்தான் படுத்தியது. ரோஸைக் குறைக்கக் குறைக்க முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது.

“ஐயோ, ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டுன மூஞ்சி மாதிரி ஆயிருச்சே!” என்று வெள்ளத்தாய் அலறிவிட்டாள்.

ரஃபீக் வேறு வழி பார்த்தான். நெற்றியில் வெயில் படாத இடத்து நிறத்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் பூசினான். ஒருவழியாக முகம் முகமாயிற்று.

“பக்கத்துல யாரோ நின்னது தெரியுதா பாய்?”

“தெரியல அண்ணாச்சி.”

“அது போதும். இதையே போடுங்க.”

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். ரஃபீக்குக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருந்தபோது பிரித்தார்கள், சரி. செத்த பிறகு, அவன் கன்னத்தில் விழுந்த நிறத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா? இவர்களும் மனிதர்களா?

திருத்திய படத்தை ஓரமாக வைத்தான். துப்பட்டாவும் ரோஸ் கன்னமுமாக இருந்த பழைய படத்தையே அச்சகத்துக்கு அனுப்பினான். நாகஜோதி பஸ்ஸில் போகும்போது பார்த்து ஒரு நிமிஷம் ஆறுதல் பட்டுக்கொள்ளட்டும். சுவரில் ஒட்டிய பிறகு பெரிய மனுஷர் என்ன கிழித்துவிடப் போகிறார்?

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்று இரண்டு புரோட்டா கூடுதலாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு வரை சுவரெல்லாம் கௌதம்ராஜ் சிரித்தான்.

பத்து மணிக்கு வேலுசாமி கடைக்குள் வந்தார். முழங்கை வரை பசை. அக்குளில் ஈரத்தோடு கிழித்த போஸ்டர்கள் ஒரு கத்தை.

பெற்ற மகனின் நினைவு நாளில், அவன் முகத்தையே கிழித்துக்கொண்டு வருகிற மனுஷன்! ரஃபீக்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“ஆமா அண்ணாச்சி, நாந்தான் மாத்தி அனுப்புனேன். ஒரு துப்பட்டாவுக்காகச் சொந்தப் பிள்ளை மூஞ்சியைக் கிழிக்கீகளே, அம்புட்டு சாதித் திமிரா உங்களுக்கு?”

வேலுசாமி சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு போஸ்டரை மடியில் விரித்து, இரண்டாகக் கிழிந்திருந்த கன்னத்தைச் சேர்த்துப் பிடித்தார்.

“திமிரு இருந்துச்சு பாய். எம் மகனோட சேர்த்து அதையும் எரிச்சிட்டேன்.”

கிழிந்த கன்னத்தை விரலால் தடவியபடி மேலே சொன்னார்.

“அந்தப் பிள்ளை ஒரு வருசமா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு, தாலியறுத்தவ கணக்கா மூலையில உக்காந்திருந்தா. எங்களால நாசமாப் போன பிள்ளை. நானும் வெள்ளத்தாயும் தேடிப் போயி, கால்ல விழாத குறையாக் கெஞ்சித்தான் சம்மதிக்க வச்சோம். மாப்பிள்ளை இந்த ஊருதான், நிச்சயமும் ஆயிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புன போட்டோவுலயும் அவ இதே துப்பட்டாதான் போட்டிருக்கா. பழைய கதை வெளிய தெரியக் கூடாதுன்னுதான் உங்ககிட்டக்கூட வெவரம் சொல்லல.”

 ரஃபீக் சட்டென்று மூலையில் இருந்த தண்ணீர் வாளியை எடுத்தான்.

“நானும் வாரேன் அண்ணாச்சி. கொஞ்ச நேரத்துல மிச்சத்தையும் கிழிச்சிருவோம். ஒருத்தரு கண்ணுலயும் படாது.”

வேலுசாமி எழுந்திருக்கவில்லை.

“கிழிச்சிக்கிட்டு இருக்கும்போதே அவ அப்பா போன் பண்ணிட்டாரு பாய். மாப்பிள்ளை வீட்டுல இந்தப் போஸ்டரையும் தட்டுல வச்சு, தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிட்டாகளாம்.”