இறுக்கி மூடிய பாட்டில்

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவர் முதலாளியின் மருமகன், உற்பத்தி மேனேஜர். ஆனால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நான்தான்'. ஃபியூஸ் போன விளக்கை எவன் ஏணி போட்டு மாற்றியிருந்தாலும் சரி, யார் மாற்றியது என்று மாமனார் கேட்டுவிட்டால், "நான்தான் மாமா" என்று முந்திக்கொண்டு வந்து நிற்பது மாப்பிள்ளைதான்.

இந்த முறை அப்படி நிற்க வழியில்லை. அவர் மேற்பார்வையில் தயாரான மாத்திரைகள் சோதனையில் தேறவில்லை. தயாரிப்பில் பயன்படுத்தும் மெத்தனால், இருக்கலாம் என்ற அளவைத் தாண்டி மாத்திரையில் தங்கியிருப்பதாக மெஷின் காட்டியது. இந்தச் சரக்கு வீணானால் மேனேஜர் நாற்காலி மச்சினனுக்கு என்று மாமனார் சொல்லிவிட்டார். மச்சினனும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். அதைக் கண்ணால் கண்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு வெளியில இருந்து ஆய்வாளர் அம்மா வர்றாங்க சார்" என்றாள் சோதனைக்கூடத்து கெமிஸ்ட். "எதுக்குன்னா..."

"தெரியும், தெரியும்" என்று கையை அமர்த்திவிட்டு நடந்தார் மாப்பிள்ளை. மாத்திரையை மறுபடி சோதிக்கத்தானே வருகிறார்கள்? வரட்டும்.

அவருக்கு வழி தெரியும். சோதனைக்கூடத்துச் சின்ன ஃபிரிட்ஜில் 'ஸ்டாண்டர்டு' என்று ஒரு பாட்டில் உண்டு. அதிலுள்ள தண்ணீரில் மெத்தனால் இத்தனை பங்கு கலந்திருக்கிறது என்பதற்குச் சான்றிதழே உண்டு. மாத்திரையை அதோடு ஒப்பிட்டுத்தான் மெஷின் தீர்ப்புச் சொல்லும். கடைக்காரனுக்கு எடைக்கல் மாதிரி. கல்லைக் கனமாக்கிவிட்டால், சரக்கு லேசாகத் தெரிந்துவிட்டுப் போகிறது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தார். பாட்டிலின் மூடி லூசாகக் கிடந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் அக்கறையே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். ஊசியில் கொண்டுவந்திருந்த சுத்த மெத்தனாலைச் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கினார். பிறகு மூடியை நன்றாக இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் ஆய்வாளர் அம்மா காலையிலேயே வந்து சோதனைக்கூடத்துக்குள் புகுந்துவிட்டார். மாலையில்தான் முதலாளியின் அறைக்கு வந்தார். மாமனார், மச்சினன், கெமிஸ்ட் எல்லோரும் இருந்தார்கள். 

"மாத்திரையில ஒரு குறையும் இல்லை" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மச்சினனின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆய்வாளர் அம்மா அந்தப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்த மூடியை இவ்வளவு அக்கறையா இறுக்கி மூடினது யாரு?"

கெமிஸ்ட் தான் இல்லை என்று தலையசைத்தாள். மாமனார் சுற்றிலும் பார்த்தார். விடுவாரா மாப்பிள்ளை?

"நான்தான் மாமா. நேத்து மத்தியானம் பார்த்தேன், லூசா கிடந்துச்சு."

ஆய்வாளர் அம்மா சிரித்தார்.

"நான் மாத்திரையைச் சோதிக்க வரலை. இந்தப் பாட்டிலைச் சோதிக்கத்தான் வந்தேன். மூடி லூசா இருந்ததால இதுல பாதி மெத்தனால் பறந்துபோச்சு, எடைக்கல்லு தேஞ்ச மாதிரி, அதனாலதான் நல்ல மாத்திரையைக் கெட்டதுன்னு மெஷின் காட்டுதுன்னு இந்தப் பொண்ணு நேத்து காலையிலேயே கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லிடுச்சு. நான் வர்ற வரைக்கும் பாட்டிலைத் தொடாதேன்னும் சொல்லியிருந்தேன். மாத்திரையை நான் கொண்டுவந்த புதுப் பாட்டிலை வச்சுத்தான் பார்த்தேன்."

அவர் பாட்டிலை மாப்பிள்ளையின் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"பறந்துபோன மெத்தனால், துணைக்கு இன்னொரு மடங்கையும் கூட்டிக்கிட்டு எப்படித் திரும்பி வந்துச்சுன்னு மூடியை இறுக்கின நீங்கதான் சொல்லணும் சார்."