அகப்பை பட்ட கறி

கல்யாணப் பந்தலில் இறைச்சி தொடாத தபால்கந்தோர் உத்தியோகத்தர் கணவதிப்பிள்ளைக்கு மட்டும் தனி வாழையிலை. புதுச்சட்டியில் ஆக்கிய பூசணிக்காய்க் கறி அதில் ஆவி விடுகிறது. உயிரைத் தின்கிறவனுக்கு நெஞ்சில் நேர்மை தங்காது என்று நேற்றுச் சந்தையில் வைத்து ஜவுபரிடம் சொன்ன மனிதர் இவர். கல்யாணப் பெண்ணின் வாப்பாவான ஜவுபருக்கு அது இன்னும் சுடுகிறது. இப்போதோ, மனைவி ஸுல்பிகா அவசரத்தில் இறைச்சிச் சட்டி அகப்பையாலேயே பூசணிக்காயை அள்ளிப் போட்டதை ஜவுபர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். கணவதிப்பிள்ளை சோற்றைப் பிசைந்து கவளத்தை உயர்த்துகிறார். "வாயில வைக்காதீங்க அண்ணன்! அதுல இறைச்சி அகப்பை பட்டுட்டு." ஜவுபர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுகிறார். கவளம் மெல்ல இலைக்கு இறங்குகிறது. "பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே தம்பி?" "எனக்குத் தெரியுமே, அண்ணன்." கணவதிப்பிள்ளை அவரையே பார்க்கிறார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறார். "நேத்து நான் கதைச்சத மறந்திடு. எருமைத் தயிரக் கொண்டா, இஞ்ச பசியில ஒரு உயிர் போகுது!" ஜவுபர் தயிர்ச்சட்டியை எடுக்க ஓடுகிறார்.