சூரியனுக்குச் சாத்திய மாலை

மனைவி பூங்கோதையின் இடுப்புவலியைப் பார்க்கச் சகிக்காமல்தான், சரிவிலிருந்த ஊற்றுத் தண்ணீரை வீட்டுக்கு ஏற்றக் குற்றாலிங்கம் சோலார் மோட்டார் வைத்தார். திறப்பு விழாவில் பேனல் முழுக்கச் சந்தனம் பூசி, ஆளுயர மாலை சாத்தி, சூரியனே கூசும்படி அதன் பெருமையை முழங்கிவிட்டுக் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“அத்தான் பேச்சுல ஊத்தே தூங்கிட்டு போல!” என்றான் அவள் தம்பி. கூட்டம் சிரித்தது. கணவரின் முகம் தொங்கியது அவளுக்குப் பொறுக்கவில்லை. பேனலில் வெயிலே படவில்லை என்பதும் புரிந்தது.

“பூவு வாடுதுல்லா” என்று மாலையைக் கழற்றி, சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

“பாத்தியால மாப்ள, சூரிய பகவான் கண்ணத் தொறந்துட்டாரு!” என்று கூவிய குற்றாலிங்கம், பக்தியோடு அவள் கையிலிருந்த மாலையை வாங்கி மறுபடியும் பேனலை நோக்கி நடந்தார். பூங்கோதை ஓடிப்போய்க் குறுக்கே நின்று கழுத்தை நீட்டினாள்.