நானூறு பக்கம்

நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளை யாரும் எளிதில் பார்க்கும்படி ஓர் இணையப் பக்கத்தை உருவாக்கியிருந்தாள் எழிலரசி. ஒரே ஒரு பெட்டி. அதில் தெருப் பெயரைத் தட்டினால் போதும். கணினி பழகாத ஒருவர் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று, ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் சபுராவை அழைத்து உட்காரவைத்தாள்.

சபுரா எழுத்துகளைத் தேடித் தேடித் தன் தெருப் பெயரைத் தட்டினாள். திரை சிவந்தது. 'ஃபுளோரைடு மிக அதிகம். எலும்பை வளைக்கும். குடிக்காதீர்கள்.'

"இது எங்க அடிபம்புத் தண்ணியா பாப்பா? எம் மவ இதக் குடிச்சுத்தானே வளந்தா?"

கால் வளைந்து, சுவரைப் பிடித்து நடக்கும் அந்தப் பெண்ணை எழிலரசி பார்த்திருக்கிறாள்.

"எப்ப சோதிச்சது?" என்று கேட்டாள் சபுரா.

எழிலரசி திரையில் இருந்த தேதியைக் காட்டினாள். ஒன்பது வருடங்களுக்கு முந்தையது.

பின்னால் நின்ற ஆய்வாளர் கோதண்டம், "அப்பவே இணையத்துல போட்டாச்சும்மா. அறிக்கை நானூறு பக்கம். யார் வேணும்னாலும் எடுத்துப் பாத்திருக்கலாம்" என்றார்.

சபுரா திரும்பவில்லை.

"இன்னொரு தெரு தட்டலாமா பாப்பா?" என்றாள். "அங்க என் தங்கச்சி இப்ப மாசமா இருக்கா."

அவள் விரல் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.