அஞ்சுக்கு மூணு

மூன்றாவது தடவையாக அருஞ்சுனை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மூன்றாவது தடவையாக நாகஜோதி டீச்சர் அவரை உட்காரச் சொன்னாள்.

கருவக்குளம் சத்துணவுக் கூடத்தில் காலை ஒன்பது மணிக்குக் கூடியவர்கள். இப்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று ஊரும் சேர்ந்து ஒரே பால் சங்கமாகி, சட்டதிட்டம் எழுதித் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பால் வண்டி வரும். இல்லையென்றால் பந்தல்குடிப் பக்கம் போய்விடும். மழை பொய்த்த எண்பத்தொன்பதாம் வருஷம் அது. பருத்தி காய்ந்துவிட்டது. மாடுதான் மிச்சம்.

மூன்று ஊருக்கும் பொதுவான ஆள் டீச்சர்தான். திருச்சுழியில் பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்துகிறவள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, கூப்பிட்டது எழுதுவதற்கு அல்ல, சண்டை தீர்ப்பதற்கு என்று.

முதல் சண்டை சுலபமாகவே தீர்ந்தது.

கருவக்குளம் பெரிய ஊர். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றது. நாகனேந்தலும் ஓடைப்பட்டியும் சின்ன ஊர்கள். ஊருக்கு ஒரு ஓட்டு என்றன.

இதே சண்டை இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நடந்தது என்றாள் டீச்சர். பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெயில் காலம் முழுக்க மல்லுக்கட்டினார்கள். கடைசியில் சபையையே இரண்டாக்கினார்கள். ஒன்றில் தலைக்கணக்கு. இன்னொன்றில் எல்லாரும் சமம்.

அவ்வளவுதான். நிர்வாகக் குழுவுக்குத் தலைக்கணக்கு, பத்துக் குடும்பத்துக்கு ஓர் இடம். வண்டி எங்கே நிற்பது என்று முடிவு செய்கிற குழுவுக்கு ஊருக்கு இரண்டு பேர். பத்தே நிமிஷத்தில் முடிந்தது. எல்லாருக்கும் டீ வந்தது. அமெரிக்காக்காரன் லேசுப்பட்ட ஆளில்லை என்றார் நாகனேந்தலுக்காகப் பேச வந்த அருஞ்சுனை.

டீ ஆறுவதற்குள் அடுத்தது வந்தது.

கருவக்குளத்தில் நாற்பது குடும்பங்கள் வாரத்துக்கு மாடு வளர்த்தன. மாடு நிலக்காரருடையது. தீனி போடுவதும் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் இவர்கள். வருவதில் பாதிப் பாதி.

இந்த நாற்பதையும் தலைக்கணக்கில் சேர்க்கச் சொன்னது கருவக்குளம். சேர்த்தால் நான்கு இடம் கூடும். அவர்களுக்கு ஓட்டு உண்டா என்றதற்கு, அது மாட்டுக்குச் சொந்தக்காரருக்குத்தான் என்றது. எண்ணுவதற்கு மட்டும் ஆள், கை தூக்குவதற்கு ஆள் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் அருஞ்சுனை துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

அந்த நாற்பது குடும்பத்தில் ஒருத்தர்கூட உள்ளே இல்லை. பிச்சையம்மாளும் இன்னும் சில பெண்களும் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், சேதி தெரிந்தால் போகலாம் என்று.

அப்போதுதான் வெள்ளத்துரை வாயைத் திறந்தார். கருவக்குளத்து மாடுகளில் பாதி அவருடையது. அதுவரை சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்.

"இந்தச் சங்கதிக்கு அமெரிக்காவுல என்ன செஞ்சாக டீச்சர்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்குத் தெரியும். அங்கேயும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் அவர்களைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள். ஓட்டு மட்டும் கிடையாது என்றார்கள். பேசிப் பேசி, ஐந்து அடிமைகளை மூன்று ஆளாக எண்ணிக்கொள்வது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

இதைச் சொன்னால் இங்கேயும் முடிந்துவிடும். நாற்பதுக்கு இருபத்து நாலு. இன்னொரு டீகூட வரும்.

ஜன்னல் வழியாகப் பிச்சையம்மாள் கொட்டாவி விடுவது தெரிந்தது.

பதினோரு வருஷமாக வரலாறு நடத்துகிறாள். ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"எண்ணுன ஆளுக்கெல்லாம் ஓட்டும் குடுத்துட்டாக," என்றாள்.

வெள்ளத்துரை மெல்லுவதை நிறுத்தினார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, அம்புட்டுப் பெரிய நாடே கொடுத்திருக்கும்போது நாம் கொடுத்தால் என்ன குறைந்தா போய்விடுவோம் என்றார். அவர் ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவரை மீறி யாரும் பேசவில்லை.

டீச்சர் எழுதினாள். வெளியே இருந்தவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். இது லோனுக்கா என்று கேட்டாள் பிச்சையம்மாள். ஓட்டுக்கு என்றதும் நம்பாமல் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெருவிரலை நன்றாக அழுத்திப் பதித்தாள்.

மூன்று மணி பஸ்ஸுக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற மாரிச்செல்வி தன் மகள்தான் என்றார்.

போன வாரம் மகள் நோட்டை வைத்துச் சத்தமாகப் படித்ததை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாராம். அஞ்சு பேருக்கு மூணு பேரு. நல்ல யோசனையாக இருக்கிறதே என்று அன்றைக்கே மனசில் முடிந்து வைத்துக்கொண்டாராம். அதை டீச்சர் வாயாலேயே சொல்லவைக்கத்தான் இன்றைக்குக் கேட்டாராம்.

டீச்சருக்குக் காது மடல் சுட்டது.

"பெறகு ஏண்ணே சும்மா இருந்தீக?"

"படிச்சு முடிச்சிட்டு எம்மக கேட்டா, மிச்ச ரெண்டு பேரு எங்கப்பா போனாகன்னு. எனக்குப் பதில் வரல. இன்னைக்கு நீங்க பொய் சொல்லவும், சரி, ஒங்களுக்கும் வரலபோலன்னு விட்டுட்டேன்."

பஸ் வந்து புழுதியைக் கிளப்பி நின்றது. அவள் ஏறி உட்கார்ந்ததும் வெள்ளத்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டுல திருத்திக்கிறச் சொல்லவா டீச்சர்?"

"வேண்டாம்ணே," என்றாள் அவள். "பரீட்சைக்கு அதுதான் மார்க்கு."