நூற்று மூன்றாம் பக்கம்

கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் மூடிக் கிடந்ததைப் பார்த்ததும் வேம்புவுக்கு ரத்தம் தலைக்கேறியது. சுற்றியிருந்த பெட்டிகளில் ஓலைச்சுவடி, பஞ்சாங்கம், பழைய வரைபடம் என எல்லாம் விரித்து வைக்கப்பட்டிருக்க, ‘கூவக்கரை விலாசம்’ மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

1887இல் யாரோ ஒரு புலவர் எழுதிய நூற்று அறுபது பக்கப் புத்தகம் அது. அதற்கு அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஆய்வு எழுதி, இருபது வருஷமாக மாலை வாங்கிக்கொண்டிருப்பவர் மயிலாப்பூர் பேராசிரியர் ஸ்ரீரங்கன். நூற்று மூன்றாம் பக்கத்துப் பாட்டை அவர் மேடையில் கண்ணை மூடிச் சொன்னால் சபை சொக்கிப்போகும். உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரே பிரதிதான் என்று தன் ஆய்வின் முன்னுரையில் அவரே எழுதியிருந்தார்.

பத்தரைக்குத் துணைவேந்தர் நூலகக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறார். கூடவே தூர்தர்ஷன் கேமரா. அவர் மனம் குளிர்ந்தால் ஸ்ரீரங்கன் புது ஆய்வு மையத்துக்கு இயக்குநர். ஸ்ரீரங்கன் இயக்குநரானால் அவருடைய சீடனான வேம்புவுக்கு அங்கே நிரந்தர வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம், தற்காலிகம் என்றால் எது வரைக்கும் என்று கேட்டே காபியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அரிய நூல் பிரிவுக்குப் பொறுப்பாளர் நஸ்ருன்னிசா. பெட்டியைத் திறந்து நூற்று மூன்றாம் பக்கத்தை விரித்து வைக்கும்படி அவரிடம் வேம்பு சொன்னார்.

“வேணாம் வேம்பு சார். மூடியே இருக்கட்டும்.”

“ஏன், நாங்க பார்க்கக் கூடாதா?”

“தாராளமா பாருங்க. மூடினபடி பாருங்க.”

வேம்பு கத்தித் தீர்த்துவிட்டார். இது திட்டமிட்ட அவமானம், துணைவேந்தரிடம் சொல்லி உங்களைப் பழைய வினாத்தாள் கட்டும் கிடங்குக்கு மாற்றவைக்கிறேன் என்றார். நஸ்ருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேராசிரியரின் நல்லதுக்காகத்தான் பூட்டியிருப்பதாக மெதுவாகச் சொன்னார். வேம்புவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. அலமாரிக்குத் தூசி தட்டுகிறவர்கள் பேராசிரியருக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டார்களா!

பட்டு ஜிப்பாவில் ஸ்ரீரங்கன் வந்து சேர்ந்தார். வேம்பு புகாரைக் கொட்டினார். பேராசிரியர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“விட்டுடு வேம்பு. பழைய புஸ்தகம், காத்து பட்டாலே உதிர்ந்துடும். அட்டையைப் பார்த்தா போறாதா?”

என்ன பெருந்தன்மை! வேம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பூட்டைப் போட்டு அவமானப்படுத்துகிறார்களே என்று கோபம் இரண்டு மடங்கானது.

துணைவேந்தர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றி, சுவடிகளைப் பார்த்துத் தலையாட்டி, ‘கூவக்கரை விலாசம்’ இருந்த ஐந்தாவது பெட்டிக்கு வந்ததும் வேம்பு குறுக்கே பாய்ந்தார்.

“ஐயா, எங்க சார் கண்டுபிடிச்ச பக்கத்தை யாரும் பார்த்துடக் கூடாதுன்னே இந்தம்மா புத்தகத்தை மூடிப் பூட்டி வெச்சிருக்காங்க.”

ஸ்ரீரங்கன் பின்னாலிருந்து வேம்புவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். நன்றி தெரிவிக்கிறார் என்று நினைத்து வேம்பு அந்தக் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார்.

துணைவேந்தரின் முகம் சிவந்தது. வரிப்பணத்தில் வாங்கிய புத்தகத்தைப் பூட்டிவைக்க நீங்கள் யார் என்று நஸ்ருன்னிசாவைக் கேட்டார். உடனே திறக்கச் சொன்னார். கேமரா விளக்கு பெட்டியின் மேல் விழுந்தது.

நஸ்ருன்னிசா பேராசிரியரை ஒருமுறை பார்த்தார். அவர் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ருன்னிசா பூட்டைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, கேமராவுக்குத் தெரியும்படி பிரித்தார். முகப்பும் முன்னுரையும் புரண்டன. அதற்குப் பிறகு தாள்கள் தனித்தனியாக வரவில்லை; மேல் ஓரமும் பக்க ஓரமும் ஒட்டிக்கொண்டு, பை பையாகப் புரண்டன.

அந்தக் காலத்து அச்சகத்தில் பெரிய தாளை மடித்து, மடித்தபடியே தைத்து அனுப்பிவிடுவார்கள், மடிப்பை வெட்டிப் பிரித்தால்தான் உள்ளே படிக்க முடியும் என்று நஸ்ருன்னிசா நிதானமாக விளக்கினார்.

துணைவேந்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அந்த நூத்தி மூணாம் பக்கம் எங்கேம்மா?”

“இந்த மடிப்புக்குள்ள ஐயா. இன்னிக்குத்தான் முதல் தடவையா வெட்டணும்.”