நாளைக்கு வா

"மாமி, இன்னிக்காவது இந்த மனுவுல கையெழுத்துப் போடுங்கோ. மேயரை ஜனங்களே நேரா வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும்," என்றாள் ஸுப்ரியா.

"எதுக்குடீ? நாம கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கறோம். அவா மேயரைத் தேர்ந்தெடுக்கறா. அது போறாதா?" திரிபுரசுந்தரி சாயா டம்ளரை நீட்டினாள்.

"எதிர்வீட்டு மாமி முதல் நாளே போட்டுட்டா."

"அவ எதுக்கும் தலையை ஆட்டிடுவா. மேயர் ஒரு பக்கம், கவுன்சிலர்கள் ஒரு பக்கம்னு இழுத்தா, நம்ம மட்டாஞ்சேரி சாக்கடையை யாரு அள்ளுவா? யோசிச்சுண்டு நாளைக்கு வா."

ஸுப்ரியா அலுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

சாயங்காலம் மறுதரப்பிலிருந்து சங்கர்ராம் வந்தான்.

"மாமி, இப்போ இருக்கற முறையே போதும்னு ஒரு கையெழுத்து..."

"அதெப்படி? கவுன்சிலர்கள் தங்களுக்குள்ளயே பேசி முடிச்சுண்டா ஜனங்க எதுக்கு? மேயரை நாமதான் நேரா தேர்ந்தெடுக்கணும். உக்காரு, சாயா போடறேன்."

விளக்கு வைக்கும்வரை வாதாடிவிட்டு, அவனும் நாளைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

சாயா குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரிபுரசுந்தரி ஜன்னலைச் சாத்தப் போனாள். எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் வீட்டுக்கு யாருமே வருவதில்லை.